அளவீட்டு நேரம்: 12.25

போன மாதம் எங்கள் பழைய தொழிற்சாலையிலிருந்து ஒரு இளம் பொறியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர், முகம் தெரியாது.

"சார், டெஸ்ட் ஷீட்ல 'மணி'ன்னு ஒரு கட்டம் இருக்கு. பக்கத்துலயே 'எவ்வளவு நேரம் பார்த்தது'ன்னு இன்னொரு கட்டம். இப்ப ரெண்டையும் மெஷினே எழுதிக்குது. எடுத்துடலாமான்னு கேட்டா எல்லாரும் உங்களைக் கேக்கச் சொல்றாங்க. சொல்லிட்டுச் சிரிக்கிறாங்க."

சிரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த இரண்டு கட்டங்களும் ஒரு காலத்தில் ஒரே கட்டமாக இருந்தன. அதற்குத் தலைப்பு எழுதியவன் நான். தொலைபேசியில் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் பாதி தப்பாகப் போகும். அதனால் நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 1971 முதல் ஒரு நாள் விடாமல் எழுதி வந்திருக்கிறேன். காய்ச்சல் வந்த நாட்களில் காய்ச்சலின் அளவு எழுதியிருக்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ. முடித்து, ராயபுரத்தில் விசைப்படகுகளின் வயர்லெஸ் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடையில் சில வருடங்கள். உப்புக்காற்று எந்தக் கம்பியை முதலில் தின்னும் என்று அங்கே தெரிந்துகொண்டேன். பிறகு திருவொற்றியூரில் இந்தத் தொழிற்சாலை. ஓய்வு பெறும் வரை பரிசோதனை அறைதான்.

நாங்கள் செய்தது ஆசிலேட்டர். தீப்பெட்டி அளவு உலோகப் பெட்டி. மின்சாரம் கொடுத்தால் காதுக்கு எட்டாத, மிக உயர்ந்த ஒரே ஒரு சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். தொலைபேசிக் கோபுரங்களில் பொருத்துவார்கள். ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்ற கருவியின் திரையில் பார்த்தால் அந்தச் சுருதி ஒரு செங்குத்துக் கோடாக நிற்கும். ஊசி போல ஒல்லியாக நிற்க வேண்டும். உலகத்தில் எந்த ஆசிலேட்டரும் அப்படி நிற்காது. கொஞ்சம் நடுங்கும், கோடு கொஞ்சம் தடிக்கும். அந்தத் தடிமன்தான் கோட்டின் அகலம். இரண்டு கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் எங்கள் பெங்களூர் வாடிக்கையாளர் வாங்க மாட்டார். அதை அளந்து தாளில் எழுதுவது எங்கள் அறையின் வேலை.

மேலாளர் ராமபத்ரன் சார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய மேசையின் இடது மூலையில் அரைத்தாள்கள் அடுக்கியிருக்கும், மேலே ஒரு பென்சில். யார் எந்தப் புகாரோடு உள்ளே போனாலும் வாய் திறக்கக் கூடாது. விஷயத்தை ஒரே வாக்கியத்தில் அரைத்தாளில் எழுதி நீட்ட வேண்டும். அவர் படிப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மாட்டிக்கொண்டு மறுபடி படிப்பார். பிறகு ஒரு கேள்வி கேட்பார். பதில் திருப்தி இல்லையென்றால் அதே கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்பார். மூன்றாவது தடவை கேட்கும்போது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும். ஒரே வாக்கியத்தில் எழுத முடியாததால் வாசலிலிருந்தே திரும்பிப்போன புகார்கள் ஏராளம். "பாதிச் சண்டை கமாவுலயே முடிஞ்சு போவுது," என்பார் டேனியல். டேனியல் எங்கள் சால்டரிங் பிரிவின் மூத்தவர், காசிமேட்டுக்காரர்.

1997-ல் தொழிற்சாலைக்குத் தரச் சான்றிதழ் வாங்கும் முயற்சி நடந்தது. வந்த தணிக்கையாளர், தொழிலாளிகள் நிரப்பும் தாள் தொழிலாளிகளுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றார். புத்தகம் படிக்கிறவன், தேதி மறக்காதவன் என்று பெயர் எடுத்திருந்ததால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது பொய். நானே போய்த் தலையை நீட்டினேன்.

ஆங்கிலத் தாளில், கோட்டை எத்தனை நொடிகள் கவனித்து அளந்தீர்கள் என்று கேட்கும் ஒரு கட்டம் இருந்தது. அதை யாரும் நிரப்புவதில்லை. நான் அதற்கு 'அளவீட்டு நேரம்' என்று தலைப்பு வைத்தேன். 'நொடியில்' என்றும் சேர்த்திருக்க வேண்டும். கட்டம் குறுகல், எழுத்து இரண்டு வரிக்கு மடங்கிப் பார்க்க அழகாக இல்லை. எடுத்துவிட்டேன்.

புதிய தாள் வந்த மறுநாளே அந்தக் கட்டத்தை எல்லோரும் நிரப்ப ஆரம்பித்தார்கள். 9.40, 11.15, 2.30 என்று. அளந்தபோது மணி என்ன என்று. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு வேலையை எப்போது செய்தோம் என்று நிமிடத்தோடு எழுதி வைக்கிற மனிதர்களோடு பணியாற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்தக் கட்டம் முதலில் எதைக் கேட்டது என்பதே எனக்கு மறந்துபோனது. அன்றைய நாட்குறிப்பில், 'தாய்மொழியில் கேட்டால் பதில் வருகிறது' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அந்த அடிக்கோடு இன்னும் இருக்கிறது.

அந்தத் தாள்களின் எண்களை அலுவலகத் தட்டச்சாளர் பழைய ஆங்கிலப் படிவத்தில் ஏற்றி, பெட்டிகளோடு பெங்களூருக்கு அனுப்புவார். தலைப்பைப் பார்த்து எண்ணை அடிப்பது அவர் வேலை. அடித்தார். இரண்டு வருடம் ஒரு குறையும் வரவில்லை.

1999 ஜனவரியில் கஸ்தூரி சேர்ந்தாள். நெட்டுக்குப்பத்துப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர். டிப்ளமா படித்தவள். ஆறு மாதம் புரொபேஷன், பிறகு பர்மனென்ட். அவள் அம்மா ஆறு மாதம் வரை காத்திருக்கவில்லை. மகள் பர்மனென்ட் ஆகிவிட்டாள் என்று குப்பம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். "ஜூன் முப்பதுக்கு மேல லெட்டர் வரலன்னா நான் வூட்டுக்குப் போற வழியையே மாத்தணும்ணே," என்று கஸ்தூரி சிரித்துக்கொண்டே சொல்வாள். என்னை அண்ணன் என்று கூப்பிடுவாள். கை வேகம், கண் கூர்மை. பெட்டியை மாட்டுவாள், திரையில் கோடு ஒரே ஓட்டமாக ஓடும், அப்படியே நிறுத்தி அகலத்தைப் படித்து எழுதுவாள். கண் சிமிட்டும் நேரம்தான். மணியை நிமிடம் பிசகாமல் எழுதுவாள். அதற்காகவே அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை, பெங்களூரிலிருந்து அறிக்கை வந்தது. அனுப்பிய அறுபது பெட்டிகளில் பாதி தேறவில்லை. எங்கள் தாளில் கோட்டின் அகலம் 1.4, அவர்கள் அளந்தால் 1.9, 2.1. கடைசி வரியில் அவர்களுடைய ஆய்வாளர் எழுதியிருந்தார்: எல்லாத் தாளிலும் ஏறத்தாழ ஒரே எண் இருப்பதால், பரிசோதித்தவர் அளக்காமலே எழுதியிருக்கலாம்.

ராமபத்ரன் சார் கஸ்தூரியைக் கூப்பிட்டு அறிக்கையைக் காட்டினார். அரைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எழுதியது இரண்டே சொல்: 'நான் அளந்தேன்.'

அந்த அறையில் அதைவிடச் சிறிய வாக்கியம் எழுதப்பட்டதில்லை. சார் கண்ணாடியைத் துடைத்தார். "திங்கட்கிழமை ஆய்வாளர் நேரில் வர்றார். உங்க ரெண்டு பேரையும் ஒரே மெஷின்ல அளக்கச் சொல்றேன். அதுவரைக்கும் உங்க லெட்டர் என் டிராயர்ல இருக்கும்," என்றார். கஸ்தூரி வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அன்று முழுவதும் சிரிக்கவில்லை.

அந்த அறிக்கையில் ஒரு விசித்திரம் இருந்தது. நாங்கள் காலையில் பரிசோதித்த பெட்டிகள் அங்கே தோற்றிருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பரிசோதித்தவை எல்லாம் தேறியிருந்தன. உடனே ஆளாளுக்கு ஒரு சித்தாந்தம் பிறந்தது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குக் காலையில்தான் டிரெய்லர் லாரிகள் வரும், அவை தகடு இறக்கும் அதிர்ச்சியில் பெட்டிக்குள் திருகு நெகிழ்கிறது என்றேன் நான். மதியம் கடற்காற்று ஏறிவிடும், குளிர்ச்சியில் ஆசிலேட்டர் அடங்கி நிற்கும் என்றார் ராமபத்ரன் சார்.

"அட போங்க நைனா," என்றார் டேனியல். "காத்தும் இல்ல, லாரியும் இல்ல. துன்னாதான் வேலை நடக்கும். காலீல பதினோரு மணிக்கே சோறு போடச் சொல்லு, அறுபதும் பாஸாவும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் வரைபடத் தாளை விரித்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் நாங்கள் எழுதிய மணியையும் பெங்களூர் கண்ட அகலத்தையும் புள்ளியாக வைத்தேன். 9.10-க்கு ஒரு அகலம், 10.20-க்குக் கொஞ்சம் அதிகம், 11.45-க்கு இன்னும் கொஞ்சம். எல்லாவற்றிலும் மோசம் 12.25. எல்லாவற்றிலும் நல்லது 1.05. நடுவில் என்ன நடந்தது? நாற்பது நிமிடம். அரை மணி சாப்பாட்டு இடைவேளை. டேனியல் சொன்னதுதான் சரியோ என்று ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். ஆனால் 1.05-க்குப் பிறகு 2.15, 3.30, 4.10 என்று அகலம் மறுபடி மெல்ல ஏறியது. லாரியும் காற்றும் சோறும் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது. புரியாமல் மடித்து வைத்தேன்.

திங்கட்கிழமை ஆய்வாளர் வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். பெங்களூரில் வளர்ந்த தமிழர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியது. முதல் பெட்டியைக் கஸ்தூரி மாட்டினாள். ஒரே ஓட்டம், நிறுத்தம்: 1.4. மூன்று தடவை செய்தாள். மூன்றும் ஏறத்தாழ அதே.

"மேடம் கரெக்டாத்தான் அளக்கிறாங்க," என்றார் அவர், தானே கொஞ்சம் ஆச்சரியப்பட்டு. "இப்ப நான் பார்க்கட்டுமா?"

பெட்டியோடு போயிருந்த ஆங்கிலத் தாளைப் பார்த்தார். ஸ்டாப்வாட்சை அழுத்தினார். திரையில் கோடு திரும்பத் திரும்ப ஓடியது. கருவி எல்லா ஓட்டங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்துக்கொண்டே போனது. மறுபடி அழுத்தி நிறுத்தினார். 2.1. மூன்று தடவை, அதே. அடுத்த பெட்டி, மதியம் பரிசோதித்தது. தாளைப் பார்த்தார், அழுத்தினார், சட்டென்று நிறுத்தினார். 1.9.

கடிகாரம் எதைக் கண்டாலும் எட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஸ்டாப்வாட்சில் 2.15 என்று நின்றது. எங்கள் தாளில் 'அளவீட்டு நேரம்' கட்டத்தில் 2.15. அது இரண்டேகால் மணி. அவர் கையில் அது இரண்டேகால் நொடிக்குச் சற்றுக் குறைவு.

முந்தைய பெட்டியின் தாளைப் புரட்டினேன். 12.25.

இரண்டு வருடமாக, பெங்களூரில் ஒரு மனிதர் எங்கள் சுவர்க் கடிகாரத்தை நொடிகளாக எண்ணிக்கொண்டிருந்தார். நாங்கள் சாப்பாட்டுக்கு முன் அளந்ததைப் பன்னிரண்டு நொடி பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வந்து அளந்ததை ஒரே நொடி பார்த்தார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேராக ராமபத்ரன் சார் அறைக்குப் போய் அரைத்தாளை எடுத்தேன். நாலு தாள் கிழித்தேன். முதல் மூன்றில் எழுவாய் 'தாள்' என்றும் 'தலைப்பு' என்றும் 'தட்டச்சு' என்றும் இருந்தது. ஐந்தாவதில் எழுதினேன்: 'நொடியைக் கேட்க வேண்டிய கட்டத்துக்கு நான் வைத்த தமிழ்த் தலைப்பு மணியைக் கேட்டது, கஸ்தூரி மணியை எழுதினாள், ஆய்வாளர் அதை நொடியாக எடுத்துக்கொண்டார்.'

சார் படித்தார். துடைத்தார். மறுபடி படித்தார். "இதை யார் கவனிச்சிருக்கணும்?" என்றார்.

"எல்லாரும்தான் சார்."

"யார் கவனிச்சிருக்கணும்?"

"தட்டச்சுலயாவது..."

"யார். கவனிச்சிருக்கணும்."

"நான் சார்."

அரைத்தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். பரிசோதனை அறைக்குப் போய் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்தார். ஆய்வாளர் தன் ஸ்டாப்வாட்சைக் குனிந்து பார்த்தார், சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். அவர் சிரிப்பு மெதுவாகத்தான் ஆரம்பித்தது, முடிய நேரமானது. கஸ்தூரி சிரிக்கவில்லை. "அப்போ என்னைப் பாராட்டுனதே இதுக்குத்தானாண்ணே?" என்றாள். அன்றைக்கு விழுந்த அடிகளில் பலமானது அதுதான்.

ஆனால் விவகாரம் முடியவில்லை. ஆய்வாளர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "சரி சார். ஒரு நொடி பார்த்தா ஒரு அகலம், பன்னெண்டு நொடி பார்த்தா வேற அகலம். இதுல எது உண்மையான அகலம்? ரெண்டு வருஷமா இதே மாதிரிதான் அளந்தேன். அப்பல்லாம் வித்தியாசமே வரலையே."

ராமபத்ரன் சார் அலமாரியிலிருந்து ஒரு பழைய பெட்டியை எடுத்து மாட்டச் சொன்னார். ஒரு நொடி, பத்து நொடி, நூறு நொடி, அகலம் அசையவில்லை. புதியதை மாட்டினோம். நேரம் பத்து மடங்கு ஆக ஆக, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தடித்தது. அந்தப் பிப்ரவரியில்தான் டிரான்சிஸ்டரை மாற்றியிருந்தோம். பழைய வகை கிடைக்கவில்லை. சார் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். இரைச்சல் இரண்டு வகை என்றார். ஒன்று வெள்ளை நாய்ஸ்; அது படபடவென்று நடுங்கி அப்போதே முடிந்துவிடும், எவ்வளவு நேரம் பார்த்தாலும் அகலம் அதேதான். இன்னொன்று ஃப்ளிக்கர் நாய்ஸ், ரோஸ் நாய்ஸ் என்றும் சொல்வார்கள். அது மெதுவாக ஆடும். எவ்வளவு மெதுவோ அவ்வளவு பெரிதாக ஆடும். பார்க்கிற நேரத்தை நீட்ட நீட்ட, அதுவரை கண்ணில் படாத மெதுவான ஆட்டங்களும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். புதிய டிரான்சிஸ்டரில் இரண்டாவது வகை அதிகம்.

டேனியல் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளை நாய் பாத்துகீறேன் சார். ரோஸ் கலர்ல இன்னா நாய் அது?"

"நாய் இல்ல டேனியல், நாய்ஸ்."

"சரி, நாயின்னே வச்சுக்குவோம். வெள்ளை நாய கம்பத்துல கட்டிகீது. ஒரு நிமிசம் பாரு, ஒரு நாள் பாரு, அந்த வட்டத்துலயே சுத்திகினு இருக்கும். ரோஸ் நாய கட்டல. ஒரு நிமிசம் பாத்தா வூட்டு வாசல்ல கீது. ஒரு நாள் பாத்தா தேரடியில கீது."

"மாசக் கணக்குல பார்த்தா?" என்றார் ஆய்வாளர்.

"எங்கயும் சொல்லிக்காம போவாது சார், அதுவும் நம்மள மாதிரி குடும்பஸ்தன்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தூரி ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "எங்க முகத்துவாரம் மாதிரி சார். இன்னிக்கு வந்து பாத்தீங்கன்னா ஒரு எடத்துல தொறந்துகினு கீது. ஒரு வருசம் பாத்தா மணல் தள்ளித் தள்ளி நகந்துகினே போவும். எங்கப்பாவைக் கேட்டா இன்னும் எங்கெங்கயோ காட்டுவாரு. முகத்துவாரம் இன்னா அகலத்துல அலையுதுன்னு கேட்டா எங்க ஊர்ல யாரும் ஒரே பதில் சொல்ல மாட்டாங்க. எத்தினி வருசம் பாத்தேன்னு கேப்பாங்க."

ஆய்வாளர் ஸ்டாப்வாட்சைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். "மேடம் சொல்றதுதான் பதில். எவ்வளவு நேரம்னு முடிவு பண்ணாம அகலம் கேட்டது எங்க தப்பும்தான்," என்றார். பிறகு யோசித்துச் சொன்னார்: அவர்களுடைய கோபுரக் கருவி மெதுவான அலைச்சலைத் தானே பின்தொடர்ந்து சரிக்கட்டிக்கொள்ளும், நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நடக்கும் நடுக்கம்தான் அதற்கு ஆகாது. ஆகவே இனி இரு பக்கமும் பத்தில் ஒரு நொடி பார்த்து அளப்பது என்று முடிவாயிற்று.

அறுபது பெட்டிகளையும் அன்றே கஸ்தூரி அளந்தாள். அவர் பக்கத்தில் நின்றார். ஐம்பத்தெட்டு தேறின. இரண்டு, அவள் முதலில் தேறும் என்று எழுதியவை, எல்லையை மயிரிழையில் தாண்டின. "இந்த ரெண்டு என்து சார்," என்று சொல்லித் தனியாக எடுத்து வைத்தாள். 'அளக்காமலே எழுதியிருக்கலாம்' என்ற வரியை ஆய்வாளர் தன் கையாலேயே அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டார்.

மாலையில் ராமபத்ரன் சார் கஸ்தூரியைக் கூப்பிட்டு டிராயரைத் திறந்தார். கடிதத்தைக் கொடுக்குமுன் அதன் கீழே பென்சிலால் எழுதினார்: 'எவ்வளவு நேரம் பார்த்தது: ஆறு மாதம். ஏற்கலாம்.' 'ஏற்கலாம்' என்பது தேறிய பெட்டியின் தாளில் போடும் சொல். கஸ்தூரி வீட்டுக்குப் போகிற வழியை மாற்றவில்லை. அவள் அம்மாவுக்கு, தான் எப்போதோ சொல்லி முடித்த செய்தி இப்போதுதான் கடிதமாக வருகிறதா என்று கோபம்.

மறுநாள் புதிய தாள் அச்சுக்குப் போனது. மொழிபெயர்ப்பு கஸ்தூரி. என் ஒரே கட்டம் 'மணி' என்றும் 'எவ்வளவு நேரம் பார்த்தது' என்றும் இரண்டாகியிருந்தது. கட்டம் குறுகலாக இருக்கிறதே என்றேன். "அகலமாக்கிட்டேன்ணே," என்றாள்.

பொறியாளர் தம்பிக்குப் பதில்: கருவி நேரத்தை எழுதிக்கொள்ளும், சரி. எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று அதற்குச் சொல்கிறவர் யார் என்பதை யோசித்துவிட்டுக் கட்டத்தில் கை வையுங்கள். என் வரையில், அந்த டிரான்சிஸ்டருக்கு நன்றிக்கடன் உண்டு. பழையதே தொடர்ந்து கிடைத்திருந்தால் என் தமிழின் லட்சணம் வெளியே வந்திருக்காது.

2008 மார்ச்சில் ஓய்வு பெற்றேன். அப்போது பரிசோதனை அறைக்குக் கஸ்தூரிதான் பொறுப்பு. மாலை போட்டு, பேசி, போட்டோ எடுத்து முடிந்ததும் ஒரு பரிசோதனைத் தாளை நிரப்பி என் கையில் கொடுத்தாள். பொருள்: அண்ணன். எவ்வளவு நேரம் பார்த்தது: ஒன்பது வருடம் இரண்டு மாதம். கோட்டின் அகலம்: முதல் நாள் பார்த்ததைவிட அதிகம், எல்லைக்குள். முடிவு: ஏற்கலாம்.

'மணி' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டேனியல் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பேனாவை எடுத்தேன். மாலை 4.40 என்று எழுதினேன்.